இரண்டு இடத்தில் என் பெயர்

“என்னா புள்ள, மார்க்கையும் ரெண்டாந்தடவ நிறுக்கச் சொல்லியிருக்கியாம்? பாத்துக்க, தண்ணியின்னு சொல்லிக் கழிச்சிருவாங்க.”

எடை போடும் கொட்டகையில் கணக்கப்பிள்ளை இதைச் சொன்னபோது, தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “கழிச்சா கழிக்கட்டும் சார்” என்று மட்டும் சொன்னேன். அது திமிராகக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது.

தோட்டத்துக் காகிதங்களில் அவர் சூப்பர்வைசர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குன்னூர்ப் பக்கம் குடியேறிய எங்கள் ஆட்களுக்கு அவர் இன்றும் கணக்கப்பிள்ளைதான். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதற்குத் தோட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. மழை நாளில் பறித்த கொழுந்தோடு தண்ணீரும் தராசில் ஏறும். அதனால் தராசு காட்டும் எடையில் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் கணிப்பு. குறைகிறதே என்று யாராவது கேட்டால், அவர் சாக்கை மறுபடி கொக்கியில் மாட்டுவார், உள்ளே கைவிட்டுப் பார்ப்பார், “ஈரம் இன்னும் ஜாஸ்தியால்ல இருக்கு” என்பார். முதலில் எழுதியதும் போய்விடும். அம்மா கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அதன்பிறகு கேட்டதில்லை.

ஆகவே, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இயற்பியல் மதிப்பெண் நான் நினைத்ததைவிடக் குறைந்து வந்து, மறுமதிப்பீட்டுக்குப் போடப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று, அப்பா, அம்மா இருவரின் முகத்திலும் அந்தத் தராசுதான் தெரிந்தது.

“மொத போட்டது இருக்கட்டும், கூடினா மட்டும் மாத்துங்கன்னு கேக்க முடியாதா?” என்றார் அப்பா. அவர் தோட்டத்துத் தேயிலை பாக்டரியில் வேலை செய்கிறார்.

“முடியாதுப்பா. புதுசா என்ன வருதோ அதுதான் கணக்கு.”

“கொறஞ்சா?”

“கொறஞ்சதுதான்.”

“அப்ப எதுக்கு வம்பு?” என்றாள் அம்மா. “கோயமுத்தூர்ல எடந்தான் குடுத்துட்டாங்கள்ல. அதையும் பறிச்சுக்கிட்டா?”

அவள் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் குன்னூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் விடைத்தாளின் நகலை எடுத்துப் பார்த்திருந்தேன். தேர்வன்று காலை கடுங்குளிர். விரல்கள் விறைத்துப்போய், இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். நடுவில் இரண்டு வெற்றுப் பக்கங்கள். அதற்கு அப்புறம் ஒரு நெடு வினாவுக்கு முழுதாகப் பதில், படத்தோடு. திருத்தியவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் தாள் முடிந்தது என்று நினைத்திருக்க வேண்டும். நான் எழுதிய அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை. சரியும் இல்லை, தப்பும் இல்லை. தப்பென்று அடித்திருந்தால்கூட விட்டிருப்பேன். யாரும் பார்க்கவே இல்லை என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை போனார். அம்மா தன் தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அதற்கும் முன்பே நின்றுவிட்டாள். முதல் ஆள் என்று நான் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும். அவர்கள் வீட்டில் அண்ணன், அக்கா, மாமா யாராவது முன்னால் போயிருக்கிறார்கள். மறுமதிப்பீடு என்றால் என்ன என்று கேட்க எனக்கு வீட்டில் ஆள் இல்லை. நானே படித்து, நானே விண்ணப்பித்தேன்.

முடிவு வந்தபோது நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ரோட்டு வளைவில் நின்றேன். எங்கள் பக்கத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அங்கேதான். மூடுபனியில் எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. மதிப்பெண் கூடியிருந்தது. அந்த ஒரு பதில் முழுதாகச் சேர்ந்திருந்தது. நான் கீழே ஓடவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். பிறகு நேராக எடை போடும் கொட்டகைக்குப் போனேன்.

“சார், கூடிருச்சு.”

கணக்கப்பிள்ளை தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “எவ்வளவு?” என்றார். சொன்னேன்.

“அடேயப்பா. அங்க தண்ணி கழிக்கிறதில்ல போலருக்கு” என்றவர், வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்து, “இந்தா, ஒம் மக தராசையே மாத்திப்புட்டா. முட்டாய் எங்க?” என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

மகிழ்ச்சி அந்த ஒரு நாள்தான். மறுநாள் சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அதுவரை விஷயம் எளிதாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இயற்பியலில் இடம் கொடுத்திருந்தது. சென்னையில் இன்னொரு பல்கலைக்கழகம் நிலவியலில் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தது. பழைய மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் வரும் என்ற நம்பிக்கையே எனக்கு இல்லை. புதிய மதிப்பெண்ணை அனுப்பியதும் இடம் வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. செலவைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நிலவியல் ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் ஏழாவது படித்தபோது ஒரு மழைக்காலத்தில், பட்டப்பகலில், பின்னால் இருந்த சரிவு இறங்கி வந்தது. எங்கள் கேரட் பாத்தி, குளிக்கும் மறைப்பு, பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு எல்லாம் சேற்றுக்குள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மழை விடும்வரை பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். ரெயின்கோட் போட்ட ஒருவர் வந்து சரிவைப் பார்த்தார், ஏதோ அளந்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பக்கத்திலேயே அதைவிடச் செங்குத்தான சரிவு ஒன்று இருக்கிறது. அதே மழை, அதே தேயிலை. அது நின்றது, இது வந்தது. ஏன் என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். ஜீப் கிளம்பிவிட்டது. பிறகு பள்ளியில் ஓர் ஆசிரியையிடம் கேட்டேன். “அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு” என்றார். அன்றிலிருந்து அது என் மனதில் இருந்தது.

அப்படியிருந்தும் சென்னையிலிருந்து இடம் வந்ததும் நான் உடனே சரி சொல்லவில்லை. கோயம்புத்தூர் என்றால் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னை என்றால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, இரவெல்லாம் ரயிலில் போக வேண்டும். அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடுவாள். பதினேழு வயதில் எனக்கே பின்னத் தெரியாதா? தெரியும். ஆனால் வாரத்தில் அவள் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு நேரம்தான். என் தலையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பேசுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிக்கொண்டே கேட்டாள்.

“இப்ப ஒம் பேரு எங்க இருக்கு?”

“ரெண்டுலயும் இருக்கும்மா.”

சீப்பு நின்றுவிட்டது. “ரெண்டுலயுமா?”

“ஆமா. ஒண்ண எடுத்துக்கிட்டு இன்னொண்ண விடணும். இன்னும் நாள் இருக்கு.”

“கோயமுத்தூர்க்காரங்களுக்கு மெட்ராஸ்ல பேர் இருக்கிறது தெரியுமா?”

“தெரியாது. எதுக்குத் தெரியணும்?”

அம்மா பின்னலை இறுக்கிக் கட்டினாள், வலிக்கிற அளவுக்கு.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் யார் அன்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் எழுதுகிற செக்ரோல் உண்டு. ஓர் ஆளின் பெயர் ஒரு தோட்டத்துச் செக்ரோலில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டிலும் வெட்டிவிடுவார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து எங்கள் தோட்டத்தில் சரியாக வேலை இல்லை. அம்மா பக்கத்துத் தனியார் தோட்டத்துக்குப் பறிக்கப் போனாள். அங்கே அவள் பெயரை எழுதிவிட்டார்கள். யாரோ போய்ச் சொல்ல, எங்கள் தோட்டத்தில் அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு வேலை தரவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். என்னைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்று கெஞ்சியதை அம்மா இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அப்பாதான் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அவள் தினமும் கேட்டாள். சமைக்கும்போது, துணி உலர்த்தும்போது, படுக்கும்போது. “பேரு எடுத்துட்டியா?” இல்லை என்பேன். அவள் என்னை வேகமாக முடிவெடுக்கச் சொல்கிறாள் என்றும், அந்த முடிவு கோயம்புத்தூராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறாள் என்றும் நான் எடுத்துக்கொண்டேன். எந்த அம்மா தூரமாகப் போ என்பாள்? நானும் மனதுக்குள் சமாதானமாகிவிட்டேன். இயற்பியலும் நல்ல படிப்புதானே. சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு வீட்டில் இருக்கலாம். சென்னைக்கு வரவில்லை என்று எழுத வேண்டிய வரிகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு வேலை நாளில், நான் எழும் முன்பே கிளம்பியிருந்த அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் அம்மா இல்லை.

“சார், எங்கம்மா எங்க?”

“லீவு சொல்லிட்டுப் போனாங்களே” என்றார் கணக்கப்பிள்ளை. “காலையில நல்ல சேல கட்டிக்கிட்டு மொத பஸ்ஸுல. யூனிவர்சிட்டி புள்ளைக்கே தெரியாதா?”

“எங்க போறேன்னு சொன்னாங்களா?”

“அது சொல்லல. ஆனா நேத்து ஒண்ணு கேட்டாங்க. செக்ரோல்ல ஒரு ஆளு பேர வெட்டணும்னா யாரு வரணும்னு. ஆளு வரணும், இல்லாட்டி வீட்டாளு வந்து சொன்னாப் போதும்னேன். என்னா, யாரு நிக்கப் போறா வேலையிலருந்து?”

அம்மாவிடம் போன் கிடையாது. அப்பா பாக்டரியில். நான் வீட்டுக்கு வந்து, தூக்குவாளியைத் திறக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்தா, சென்னையிலிருந்தா, எதிலிருந்து என் பெயரை எடுக்கப் போயிருக்கிறாள்? சென்னைக்கு அவளுக்கு வழி தெரியாது. அப்படியென்றால் கோயம்புத்தூர்தான். அங்கேயிருந்தா என் பெயரை எடுப்பாள்? நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவள் பக்கத்தில் இருப்பதையா வெட்டுவாள்? ஒன்றும் பொருந்தவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். சேலை கசங்கி, முகம் வெயிலில் கறுத்துப்போய், கையில் ஒரு பை. பர்லியாரில் பஸ் நின்றபோது மங்குஸ்தான் வாங்கியிருக்கிறாள். எனக்குப் பிடிக்கும் என்று.

“எங்கம்மா போன?”

“கோயமுத்தூருக்கு.”

“எதுக்கு?”

“ஒம் பேர எடுத்துட்டு வரலாம்னு.” பையை வைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். “எங்க எடுக்க விட்டாங்க. ஆபீஸ்ல ஒரு பொம்பள. நான் சொல்லிட்டேன், எம் புள்ள பேரு மெட்ராஸ்லயும் இருக்குங்க, அவ மேல தப்பில்ல, சின்னப் புள்ள, தெரியாம வச்சிருக்கா, இங்க வெட்டிருங்க, அங்கயாவது நிக்கட்டும்னு. அந்தப் பொம்பள சிரிக்குது. ‘ஏனுங்கம்மா, புள்ளைங்க ரெண்டு எடம், மூணு எடம்னு வாங்கி வெச்சிருக்குதுங்க, இதுல தப்பு என்னங்க இருக்குது? யோசிச்சு ஒண்ண எடுத்துக்கட்டுங்க. வேண்டாம்னாலும் அந்தப் புள்ளயே வந்து கையெழுத்துப் போடணுங்க, நீங்க சொன்னாச் செல்லாதுங்க.’ எல்லாத்துக்கும் ஒரு ‘ங்க’. டீ வேற வாங்கிக் குடுத்துச்சு. டீயா அது? ஆனா குடிச்சேன், ஆசையாக் குடுக்குதேன்னு.”

அவள் அந்தப் பெண்மணி மாதிரியே தலையை ஆட்டிப் பேசிக் காட்டினாள். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“என்னக் கேட்டியா? அது எம் பேரும்மா. என்னக் கேக்காம எப்பிடி எடுக்கப் போவ?”

“தினமும் கேட்டேனே. நீ எடுத்தியா?”

“நான் மெட்ராஸத்தான் விடுறதா இருந்தேன்! கோயமுத்தூருக்குத்தான் போறதா இருந்தேன். ஒனக்காகத்தான்!”

இதைச் சொன்னால் அவள் உருகிப்போவாள் என்று நினைத்தேன். அவள் செம்பை டங்கென்று வைத்தாள்.

“எனக்காகவா? நான் கேட்டனா? என்னைக்காவது போகாதன்னு சொன்னனா? எம்மேல போடாத. நாளைக்கு அங்க ஒனக்குப் புடிக்கலன்னா, எங்கம்மாவுக்காகத்தான் வந்தேன்னு சொல்லுவ. ஒம் புள்ளைக்கிட்டயும் சொல்லுவ. எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.”

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் இன்னும் சத்தமாப் பேசுங்க” என்றார். “லயமே கேக்கட்டும். நாளைக்கு ஒவ்வொருத்தருக்கா நான் சொல்ற வேல மிச்சம்.”

சண்டை அதோடு நின்றது. மங்குஸ்தானை யாரும் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து அப்பாதான் ஒன்றை உடைத்து, பாதியை என் முன்னாலும் பாதியை அம்மா முன்னாலும் வைத்தார்.

காலையில் அம்மா, செடியின் ஈரம் படாமலிருக்க பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பியபோது நானும் கூட நடந்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற வழி ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால், நான் பின்னால். முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

“ஏம்மா கோயமுத்தூர எடுக்கப் போன? கிட்டத்தான இருக்கு.”

“யாருக்குக் கிட்ட?” என்றாள் திரும்பாமல். “ஒனக்கு ஒரு காய்ச்சல்னா, வேலை நாள்ல நான் கோயமுத்தூருக்கு வர முடியுமா? லீவு கேட்டு, பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள ஒனக்கு சரியாப் போயிரும். மெட்ராஸ்னாலும் அப்பிடித்தான். எனக்கு ரெண்டும் ஒரே தூரந்தான்.”

“நான் ஞாயித்துக்கிழம வரலாம்ல.”

“வருவ. மொத மாசம் வருவ. அப்பறம் பரிச்ச இருக்கும்ப, கூட்டாளிக இருப்பாங்க. வராம இருப்ப. நான் வாசல்லயே பாத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கு, தீவாளிக்குத்தான் வருவன்னு தெரிஞ்சா நான் பாட்டுக்கு எஞ் சோலியப் பாப்பேன்.”

பாதையில் நீட்டியிருந்த ஒரு கிளையை எனக்காக ஒதுக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள்:

“பின்னால மண்ணு எறங்குனப்ப எல்லாரும் அழுதோம். நீ மட்டும் அந்த மண்ணக் கையில எடுத்து எடுத்துப் பாத்த. எனக்குப் பயமா இருந்துச்சு, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. அப்பறந்தான் தெரிஞ்சுச்சு.”

நான் அதை மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கிற இடத்தில், அவளை விட்டுவிட்டுத் திரும்பினேன். வரும் வழியெல்லாம், அம்மாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு யோசிக்க முயன்றேன். அவளுக்காக என்று நான் சொன்னதில் எவ்வளவு எனக்காக? சென்னையில் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். எனக்குப் படிக்க வரும், பேச வராது. அந்த வெயிலை நான் பார்த்ததில்லை. கடலைப் பார்த்ததில்லை. அங்கே என் ஊர்ப் பெயரைச் சொன்னால், “ஊட்டியா? ஜாலிதான்!” என்பார்கள். நான் இருப்பது அவர்கள் சுற்றிப் பார்த்த ஊட்டியில் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். இப்படி ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே பயம். அதில் ஒன்றில்கூட அம்மா இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. என் பயத்தை என்னால் பார்த்துக்கொள்ள முடியும். அவளுடைய தனிமைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. அதை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அம்மா வந்து கால் கழுவும்போது சொன்னேன். “மெட்ராஸ்.”

“ம்” என்றாள். “அப்ப கோயமுத்தூருக்கு எப்பப் போறோம்?”

“போறோமா? நான் போயிட்டு வந்துருவேன்.”

“நானும் வாறேன். அந்தப் பொம்பளைக்கிட்ட சொல்லணும், புள்ளயக் கூட்டிட்டு வந்துட்டேன்னு.”

போனோம். கீழே இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. கோயம்புத்தூரில் இறங்கியபோது அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, “மெட்ராஸ் இதவிடக் காயுமாமே?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப சட்டையெல்லாம் பருத்தியாத்தான் எடுக்கணும். ஸ்வெட்டர வச்சுட்டுப் போயிரு, நான் போட்டுக்கிறேன்.”

பல்கலைக்கழகத்து வாசலில் பெரிய வேப்பமரங்கள். உள்ளே பையன்களும் பெண்களும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நூலகத்துக் கட்டிடம் நான் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. இங்கேயும் நன்றாகத்தான் இருந்திருப்பேன் என்று தோன்றியது. அது பொய் இல்லை. வேண்டாதது ஒன்றை விடுவது எளிது. இது எனக்கு வேண்டியதாகவும் இருந்தது.

அலுவலகத்துக்கு வெளியிலேயே அம்மா நின்றுவிட்டாள்.

“வாம்மா. அவங்கள உள்ள வந்து பாக்கணும்னியே.”

“மொதல்ல நீ போ. அது ஒன் வேல. முடிச்சுட்டுக் கூப்புடு.”

உள்ளே அந்தப் பெண்மணி நான் பெயர் சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டார். “அட, பேரு வெட்டச் சொன்ன அம்மாவோட பொண்ணுங்களா நீங்க? அம்மா வரலைங்களா?”

“வெளிய நிக்கிறாங்க.”

“அவங்க அன்னைக்கு என்ற கையப் புடிச்சுட்டாங்க கண்ணு. எம் புள்ளைய ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு. நானென்ன போலீசுங்களா?” சிரித்துக்கொண்டே தாளை என் பக்கம் நகர்த்தினார். “நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“யோசிச்சுட்டேங்க.”

அம்மா கையைப் பிடித்த விஷயத்தை எங்களிடம் சொல்லவில்லை. டீ நன்றாக இல்லை என்பதைத்தான் சொல்லியிருந்தாள். பேனாவை எடுத்து, எதற்காக விலகுகிறீர்கள் என்ற இடத்தில் எழுதினேன்: வேறு பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கச் சேர்வதால். நிலவியல் என்ற சொல்லை என் கையெழுத்தில் அப்படி ஒரு காரணமாக எழுதியது அதுதான் முதல் தடவை. கீழே கையெழுத்துப் போட்டேன். நான் விட்ட இடம் யாருக்குப் போகும் என்று கேட்டேன். காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு இன்றைக்கே தகவல் போகும் என்றார். எங்கோ ஒரு ரோட்டு வளைவில் யாராவது போனைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டே பேனாவை மூடி வைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் அந்தப் பெண்மணியும் கையைப் பிடித்துக்கொண்டு, உறவுக்காரர்கள் மாதிரி, என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். இவள் சாப்பிடவே மாட்டாள் என்று அம்மா குறை சொன்னாள். விடுதிச் சாப்பாட்டில் எல்லாப் பிள்ளைகளும் உடம்பு வைத்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார் அவர். இந்தத் தடவையும் டீ வந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் முழுதாகக் குடித்தாள்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கி ரயில் நிலையத்துக்குப் போனோம். அம்மா ரயிலில் போனதில்லை. என்னைக் கொண்டுபோய் விடுவதற்குக் கணக்கப்பிள்ளையிடம் லீவு சொல்லியாயிற்று என்று அப்போதுதான் சொன்னாள். “புள்ள மெட்ராஸ் போறா, எடத்தப் பாக்காம எப்பிடி விடுறதுன்னேன். ‘பாத்துட்டு அங்கயே நின்னுராதீங்க, இங்க கொழுந்து முத்திப்போகும்’ங்கிறாரு.”

கவுன்டரில் நான் தேதியைச் சொன்னேன். போவதற்கு இரண்டு பேர், அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை என்று கேட்டேன்.

“திரும்பி வர்றதுக்கும் ரெண்டுங்களா?” என்றார் உள்ளே இருந்தவர்.

“இல்லைங்க. வர்றதுக்கு ஒண்ணு போதும்.”

டிக்கெட்டுகளை வாங்கி, அந்த ஒன்றை மட்டும் தனியாக மடித்து அம்மாவிடம் கொடுத்தேன்.